மழலைக்குப் பதில் சொல்ல ஓர் ஆள்

ஒன்றாம் வகுப்பில் டீச்சர் என்னிடம் சொன்ன முதல் சொல் ‘பற’. மலையாளத்தில் அதற்கு ‘சொல்லு’ என்று பொருள். தமிழ் மட்டுமே தெரிந்த ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது ‘பறந்து போ’ என்றுதான் கேட்கும். பேரைக் கேட்கிறார் என்று புரியாமல் விழித்துக்கொண்டு நின்றேன். “பற மோளே” என்றார் மறுபடியும், சற்று உரக்க. நான் பாவாடை நுனியை வாயில் வைத்துக் கடித்தேன். ஒரே வாரத்தில் வகுப்பில் எனக்கு ‘மிண்டாப்பூச்ச’ என்று பெயர் விழுந்தது. வாய் திறக்காத பூனை.

அந்த டீச்சர் பொல்லாதவர் இல்லை. தலையைத் தடவிக்கொடுத்துத்தான் கேட்டார். ஆனாலும் பிள்ளைக்குப் பேச்சு குறைவு என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகக் கேரளத்து ஏலூருக்கு வந்த குடும்பம் எங்களுடையது. வீட்டில் என் வாயை மூட முடியாமல் அப்பா அலுத்துக்கொள்வார். ‘பேச்சு குறைவு’ என்று கேட்டதும் அம்மா ராத்திரி முழுக்க அழுதாள்.

ஓணப் பரீட்சை நெருங்கிய சமயம். மத்தியானக் கஞ்சிக்குத் தட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். கஞ்சிப்புரையில் பயறு அவிக்கும் அக்கா என் முகத்தைப் பார்த்து, “ஒனக்கு எந்த ஊரு கண்ணு?” என்றாள். செங்கோட்டைப் பக்கத்துப் பேச்சு. அன்றைக்குக் கஞ்சி ஆறிப்போகும்வரை அவளிடம் பேசிக்கொண்டே இருந்தேனாம். அடுத்த வாரத்திலிருந்து, அடுப்பு வேலை முடிந்ததும் டீச்சர் அவளை வகுப்பு வாசலுக்கு அழைக்க ஆரம்பித்தார். டீச்சர் சொல்வதை அக்கா எனக்குச் சொல்வாள், நான் சொல்வதை டீச்சருக்குச் சொல்வாள். அந்த வருடம் முடிவதற்குள் மலையாளத்திலேயே சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. எனக்கு வாய்த்தது கோடிக்கணக்கான பேர் பேசும் மொழி. வீட்டில் வார இதழ் வந்தது, ரேடியோ பாடியது, கோடை விடுமுறைக்குப் போனால் ஊரே அந்த மொழியில் பேசியது. அப்படியிருந்தும் ஒரு வகுப்பறை என்னை மூன்று மாதம் ஊமையாக்கி வைத்தது. இந்தத் துணை எதுவும் இல்லாத மொழியில் பிறந்த பிள்ளையின் கதி என்ன?

ஆற்றின் மேல்முனை

ஏலூர் ஒரு தீவு. பெரியாறு கடலை நெருங்கும் இடத்தில் அதன் கிளைகளுக்கு நடுவே கிடக்கிறது. 1940களில் உரத் தொழிற்சாலை வந்ததிலிருந்து ரசாயன ஆலைகளின் ஊர். 2024 மே மாதம் ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தபோதுதான் வெளியூர்க்காரர்கள் பலர் எங்கள் ஊர்ப் பெயரையே கேள்விப்பட்டார்கள். இதே ஆறு 244 கிலோமீட்டருக்கு அப்பால் சிவகிரி மலையில் பிறந்து வருகிறது. அது தொட்டு வரும் காடுகளில் பளியர், மன்னான், முதுவர், ஊராளி, மலையரையர் என்று பல பழங்குடிகள் வாழ்கிறார்கள். எங்கள் எர்ணாகுளம் மாவட்டத்திலேயே கோதமங்கலத்துக்குக் கிழக்கே குட்டம்புழை ஊராட்சிக்குள் முதுவர்களின் குடிகள் இருக்கின்றன. ‘குடி’ என்பது அவர்களுடைய குடியிருப்பைக் குறிக்கும் சொல். கொச்சி மெட்ரோ ஓடும் மாவட்டம்தான் அதுவும்.

மதுரையிலிருந்து மலையேறியவர்கள் தாங்கள் என்பது முதுவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. தெய்வத்தையும் பிள்ளைகளையும் முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். வரலாறு எப்படியோ, சுமப்பது இன்றும் கண்ணால் காணக்கூடியது. முதுவப் பெண்கள் சேலை கட்டும் முறையே தனி. முதுகுப் பக்கம் துணியைத் தொட்டில்போலத் தொங்கவிட்டு, தோளில் முடிச்சிட்டிருப்பார்கள். கைக்குழந்தை அதற்குள் உட்கார்ந்து தாயின் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கும். தாய் விறகு பொறுக்கும்போதும், கேப்பைக் கொல்லையில் களையெடுக்கும்போதும், வழியில் இன்னொருத்தியோடு நின்று ஊர்க்கதை பேசும்போதும் பிள்ளை அங்கேதான். அவள் பேசுவது முதலில் அதன் நெஞ்சில் அதிரும், பிறகுதான் காதில் விழும். எந்தத் தடத்தில் யானை போயிற்று, எந்தக் கிழங்கை இப்போது தோண்டலாம், யார் யாருக்கு மாமன் என்பதெல்லாம் நடக்கக் கற்பதற்கு முன்பே அந்தப் பிள்ளையின் காதுக்குள் போய்விடுகிறது.

காதுக்குள் போவது எவ்வளவு சீக்கிரம் வேலை செய்கிறது என்பதற்கு ஆய்வு உண்டு. 1984இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர் கனடாவில் செய்தது. இந்தியில் உள்ள ‘த’வையும் ‘ட’வையும் போன்ற ஒலிகளை ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்குக் கேட்கவைத்தார்கள். அதோடு அந்த மண்ணின் பூர்வகுடி மொழி ஒன்றிலிருந்தும் ஒலிகளை எடுத்துக்கொண்டார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் இரண்டு ஒலிகளையும் பிரித்தறிந்தன. பத்துப் பன்னிரண்டு மாதம் ஆனபோது அந்தத் திறன் பெரும்பாலும் போய்விட்டிருந்தது. வீட்டில் அந்த மொழிகளைக் கேட்டு வளரும் குழந்தைகளுக்கு மட்டும் அது போகவில்லை. அதாவது ஒரு வயது நிரம்புவதற்குள்ளேயே பிள்ளையின் காது தன் வீட்டு மொழிக்கென்று செதுக்கப்பட்டுவிடுகிறது. அங்கன்வாடி வாசலுக்கு வரும் மூன்று வயதுப் பிள்ளையை ‘ஒன்றும் தெரியாதது’ என்று நினைப்பது பெரிய பிழை. மூன்று வருடப் பாடம் படித்து முடித்துவிட்டுத்தான் அது வருகிறது.

காது மட்டுமா? கைக்குழந்தை ‘ங்கா’ என்றால் தாய் ‘என்னடி தங்கம்’ என்று பதில் தருகிறாள். அது சிரித்தால் இவளும் சிரிக்கிறாள், அது கை நீட்டிக் காட்டினால் அந்தப் பொருளின் பேரைச் சொல்கிறாள். நாள் முழுக்க நடக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் மூளை தன் இணைப்புகளைக் கட்டிக்கொள்கிறது என்று குழந்தை வளர்ச்சி படித்தவர்கள் சொல்கிறார்கள். தான் சொன்னால் கேட்க ஆள் உண்டு என்ற தைரியமும் பிள்ளைக்கு அங்கேதான் பிறக்கிறது. தயங்காமல் இப்படிப் பதில் சொல்ல ஒரு தாய்க்குத் தன் சொந்த மொழியில்தான் வரும். ‘வீட்டிலும் மலையாளத்திலேயே பேசுங்கள், பிள்ளைக்கு நல்லது’ என்று மலைவாழ் அம்மாக்களுக்கு அறிவுரை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். தனக்கே சரளமில்லாத மொழியில் பேசச் சொன்னால் அந்த அம்மா பேச்சைக் குறைத்துக்கொள்வாள், பிள்ளைக்குக் கிடைத்துவந்த பதிலும் குறைந்துபோகும்.

படிப்பின் ருசி

மூணாற்றுக்கு அப்பால், காட்டுக்குள் நடந்தே போகவேண்டியிருந்த இடம் இடமலைக்குடி. முழுக்க முதுவர்கள் வாழும் அந்த ஊர்களைச் சேர்த்து 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியை அமைத்தார்கள். அங்கே ஓர் அரசுப் பள்ளி உண்டு. பாடப்புத்தகம் மலையாளம். பிள்ளைகள் பேசுவது முதுவர் பேச்சு. அதற்கென்று தனி எழுத்து கிடையாது. கேட்டால் தமிழ்க் காதுக்குப் பாதிக்குமேல் பிடிபடும்.

பள்ளிக் கல்விக்கான அரசு அமைப்பான சமக்ர சிக்ஷா கேரளம் அந்தப் பள்ளிக்கென்று அண்மையில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பெயர் ‘படிப்புறுசி’. தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதன் ஒரு பகுதியாக முதுவர் பேச்சின் சொற்களைத் திரட்டி, மலையாளப் பொருளோடு ஓர் அகராதி செய்தார்கள். பிள்ளைகள் சொல்வது இன்னதென்று மலையாளம் மட்டும் தெரிந்த ஆசிரியருக்கு விளங்கவேண்டும் என்பதற்காக. எனக்கு இதில் பிடித்தது, கற்றுக்கொள்ள வேண்டியவர் ஆசிரியரும்தான் என்று ஓர் அரசுத் திட்டம் ஒப்புக்கொண்டதுதான். கொரோனா காலத்தில் பழங்குடிப் பிள்ளைகளுக்கு அவரவர் மொழியிலேயே பாடம் கொண்டுசெல்ல அதே அமைப்பு எடுத்த முயற்சிக்கு ‘நமது பாஷை’ என்று பொருள்படும்படி ‘நமத் பாசை’ என்று பெயர் வைத்தார்கள்.

தமிழ் வாசகர்களிடம் இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். முதுவர் பேச்சையும் இருளர் மொழியையும் கேட்டவுடன் ‘அட, இது நம்ம தமிழ்தானே, கொஞ்சம் கொச்சையா இருக்கு’ என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். உரிமையோடு சொல்வதாக நாம் நினைக்கிறோம். கேட்கிற பிள்ளைக்கு அது ‘உன் அம்மா தப்பாகப் பேசுகிறாள்’ என்றே போய்ச் சேரும். இருளர் மொழியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் அதைத் தமிழின் கிளைப் பேச்சாக ஒதுக்கிவிடவில்லை. தனக்கென்று இலக்கணம் உள்ள தென்திராவிட மொழியாகவே எடுத்துக்கொண்டு எழுதினார். தமிழ்நாட்டில் 2011 கணக்குப்படி ஏறத்தாழ 7.95 லட்சம் பழங்குடியினர். நம் பள்ளிகளில் அவர்கள் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ‘சுத்தமாப் பேசு’ என்று அதட்டும் குரல் இன்னும் ஓயவில்லை. மலையாள டீச்சரைப் பற்றி எழுதிய கையோடு இதையும் எழுதாமல் விடுவது நியாயமில்லை.

கேப்பை போனால் பாட்டும் போகும்

பண்பாடு என்றால் மேடையில் ஆடும் ஆட்டம் என்று நினைத்துக்கொள்கிறோம். அட்டப்பாடிக்குப் போனால் அது பிள்ளையின் எடையாகவும் இரத்தத்தின் அளவாகவும் தெரியும்.

கோவையிலிருந்து ஆனைகட்டி தாண்டினால் அட்டப்பாடி. இருளர், முடுகர், குறும்பர் ஊர்கள். 1951இல் அந்தப் பள்ளத்தாக்கில் பத்துக்கு ஒன்பது பேர் பழங்குடிகள். வெளியிலிருந்து ஆட்கள் வந்து குடியேறக் குடியேற, இப்போது பாதிக்கும் குறைவு. நிலம் கைமாறியது. கேப்பை, சாமை, தினை, துவரை, கீரை என்று கலந்து விதைத்த புனம் சுருங்கியது. தட்டில் ரேஷன் அரிசி மட்டும் மிஞ்சியது. 2013இல் அங்கே கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது நாடு திரும்பிப் பார்த்தது. பார்க்க வந்த மருத்துவர்கள் எடை குறைந்து பிறந்த குழந்தைகளையும் இரத்தசோகையில் வெளுத்த தாய்மார்களையும் கண்டார்கள். பிறகு கேரளத்தின் மகளிர் குழு அமைப்பான குடும்பஸ்ரீ வழியாக ஊர் ஊராகச் சமூக சமையற்கூடங்கள் வந்தன. 2017இல் சிறுதானியங்களை மறுபடி விதைக்கும் ‘மில்லட் கிராமம்’ திட்டமும் வந்தது.

ஒரு தானியம் போகும்போது அது மட்டும் போவதில்லை. விதைக்கும்போது ஒரு பாட்டு, காவலிருக்கும்போது பரணில் சொல்லும் கதை, அறுத்ததும் எந்தத் தெய்வத்துக்கு முதல் படி, பிள்ளைக்கு எத்தனையாம் மாதத்தில் எந்தக் கூழ், பிள்ளை பெற்றவளுக்கு என்ன கீரை என்று ஒரு பாட்டியின் தலைக்குள் இருப்பதெல்லாம் அந்தத் தானியத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. கொல்லையில் கேப்பை இல்லாதபோது பாட்டிக்குச் சொல்ல வேலையில்லை. பேரப்பிள்ளைக்குக் கேட்க வாய்ப்பில்லை. சத்துமாவுப் பொட்டலம் உயிர் காக்கும், மறுக்கவில்லை. அதைக் கொடுக்கிறவர் பாட்டியின் மொழியில் பாட்டியிடமே யோசனை கேட்டுக் கொடுத்தால் அந்த வீட்டில் அது பிள்ளையின் வாய்க்குப் போகும். கேட்காமல் கொடுத்தால் பானை மூலையில் கிடக்கும்.

அதே அட்டப்பாடியின் நஞ்சியம்மா ‘அய்யப்பனும் கோசியும்’ படத்தில் பாடிய இருளர் பாட்டுக்கு 2022இல் தேசிய விருது அறிவித்தார்கள். ஆடு மாடு மேய்த்துக்கொண்டே பாட்டுக் கற்ற பெண்மணி. எங்கள் ஏலூர்ப் பிள்ளைகள்கூட பொருள் தெரியாமலே அதைப் பாடித் திரிந்தார்கள். 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த கேரளப் பள்ளிக் கலைவிழாவான கலோத்சவத்தில் மங்கலம்களி, பணிய நிருத்தம், பளிய நிருத்தம், மலப்புலயாட்டம், இருள நிருத்தம் என்ற ஐந்து பழங்குடிக் கலைகள் போட்டியில் முதல்முறையாகச் சேர்ந்தன. மகிழ்ச்சி. அந்த ஆட்டத்துக்குப் பாடும் மொழி மறுநாள் காலை கணக்கு வகுப்புக்குள்ளும் வந்தால் இன்னும் மகிழ்ச்சி.

ஆள்தான் புத்தகம்

இதுவரை எழுதியதை எல்லாம் ஒரே சொல்லில் கேட்டால் ‘ஆள்’ என்பேன். சொல்லேடு வேண்டும், படப்புத்தகம் வேண்டும், எல்லாம் சரி. அவற்றுக்கும் முன்னால், மழலையில் பிள்ளை சொல்வதைக் கேட்டு அதே மொழியில் பதில் சொல்ல ஓர் ஆள் வகுப்புக்குள் வேண்டும். கஞ்சிப்புரை அக்காவிடம் அகராதி எதுவும் இருக்கவில்லை.

வயநாட்டில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். கேரளத்தின் 4.85 லட்சம் பழங்குடியினரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் வாழும் மாவட்டம் அது. ஆசிரியர் பயிற்சி முடித்த பழங்குடி இளைஞர்கள் 241 பேரை 2017இல் ‘கோத்ரபந்து’ என்ற திட்டத்தில் தொடக்கப்பள்ளிகளுக்கு வழிகாட்டி ஆசிரியர்களாக அனுப்பினார்கள். பணியர் என்ற பழங்குடியின் குழந்தையிடம் பணிய மொழியிலேயே ‘ஏன் நேற்று வரலை?’ என்று கேட்க ஆள் வந்தார். விடுபட்ட பிள்ளையைத் தேடி ஊருக்கே போனால் தகப்பனிடம் உட்கார்ந்து பேச மொழியும் இருந்தது, உறவு முறையும் இருந்தது. இதில் கிடைக்கும் இன்னொரு நன்மையை எந்தப் பதிவேடும் எழுதாது. தன் மாமன் மாதிரியோ அத்தை மாதிரியோ பேசுகிற ஒருவர் நாற்காலியில் டீச்சராக உட்கார்ந்திருப்பதைப் பிள்ளை தினமும் பார்க்கிறது.

ஆனால் அதே கேரளம்தான், மலைக்குடிகளில் நடந்துவந்த ஓராசிரியர் பள்ளிகளை 2022இல் மூடியது. 1990களின் இறுதியில் தொடங்கியவை அவை. காட்டாற்றைக் கடந்து, அட்டை கடிக்க நடந்து போய், அங்கேயே தங்கி, பிள்ளைகளின் மொழியைத் தாங்களே கற்றுக்கொண்டு பாடம் சொன்ன ஆசிரியர்கள் பலர் அதில் இருந்தார்கள். பெரிய பள்ளி, நல்ல கட்டடம், விடுதி என்று அதிகாரிகள் காரணம் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தின் தரம் என்று பார்த்தால் அதில் நியாயம் இருக்கலாம். ஆறு வயதுப் பிள்ளை பாட்டியை விட்டுவிட்டு விடுதியில் படுத்துத் தூங்குவதை வைத்துப் பார்த்தால் எனக்கு நியாயம் தெரியவில்லை.

நம் பக்கத்தில் நீலகிரியின் கூடலூருக்குப் போனால் வித்யோதயா பள்ளி இருக்கிறது. ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தின் மக்கள் தங்கள் பிள்ளைகளுக்காக 1990களிலிருந்து நடத்தி வளர்த்தது. பணியர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர், காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுடைய சமூகங்களிலிருந்தே இளைஞர்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்து ஆசிரியராக்கினார்கள். பெரியவர்கள் பள்ளிக்கு வந்து கதை சொல்வதும் ஆடுவதும் பாடுவதும் அங்கே பாடத்தில் சேர்ந்தவை. அதே சங்கத்தோடு வளர்ந்த கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையிலும் செவிலியர்களாக ஆதிவாசிப் பெண்களே பயிற்சி பெற்றார்கள். காய்ச்சல்காரப் பிள்ளையின் தாய்க்குத் தன் மொழியில் ‘எத்தனை நாளாச்சு?’ என்று கேட்கும் குரல் கிடைத்தது.

கடல் கடந்து போனாலும் இதே கதைதான். நியூசிலாந்தில் மாவோரி மொழி பாட்டிகளோடு போய்விடும் என்ற நிலை 1970களில் வந்தது. 1982இல் வெலிங்டன் அருகே வைனுயோமாட்டா என்ற ஊரில் ‘கோஹங்கா ரேயோ’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். மொழிக்கூடு என்று பொருள், பறவைக்கூடு மாதிரி. பயிற்சிபெற்ற ஆசிரியர்களுக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. மாவோரி பேசத்தெரிந்த பாட்டிகளையும் தாத்தாக்களையும் அழைத்துவந்து பச்சைக் குழந்தைகளோடு உட்கார வைத்தார்கள். சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கணக்கான கூடுகள் எழுந்தன. அதைப் பார்த்து 1984இல் ஹவாயிலும் அதே பொருள் தரும் பெயரோடு தொடங்கினார்கள்.

கனடாவிலிருந்து வந்த இன்னொரு ஆய்வைப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஹாலெட், சாண்ட்லர், லலோண்ட் மூவரும் 2007இல் வெளியிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் பூர்வகுடிச் சமூகங்களை ஒப்பிட்டார்கள். பாதிக்கு மேற்பட்டோருக்குத் தங்கள் மொழியில் உரையாடத் தெரிந்த சமூகங்களில் இளைஞர் தற்கொலை மிகக் குறைவு, அல்லது அறவே இல்லை. மொழி போய்விட்ட சமூகங்களில் அது பலமடங்கு. மொழி ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. நிலம், சொந்த நிர்வாகம் எல்லாம் மொழியோடு பின்னிக் கிடப்பவை. ஆனாலும் மூன்று வயதில் பாட்டியின் மடியில் தொடங்குவது பதினேழு வயதில் ஒரு பிள்ளையை உயிரோடு பிடித்து வைக்கிறது என்றால், அங்கன்வாடிக்கு ஆள் போடுவதை யாரும் சின்ன வேலை என்று சொல்லக்கூடாது.

சட்டத்தில் குறையில்லை. தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்யச் சொல்லும் 350ஏ பிரிவு 1956லேயே அரசமைப்பில் சேர்ந்துவிட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் இயன்றவரை தாய்மொழி என்கிறது. அந்த ‘இயன்றவரை’ என்ற சொல்லுக்குள்தான் முதுவப் பிள்ளையும் பணியப் பிள்ளையும் காணாமல் போகிறார்கள்.

பாதாளம் பாலத்துக்கு அக்கரை

ஏலூரிலிருந்து பாதாளம் பாலத்தைத் தாண்டினால் எடயாறு ஆலைப் பகுதி. அங்கே பினானிபுரம் அரசு உயர்நிலைப் பள்ளி. ‘அதிதித் தொழிலாளிகள்’ என்று கேரளம் அழைக்கும் வெளிமாநிலத்தாரின் பிள்ளைகள் அதில் நிறைய. எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் 2017இல் தொடங்கிய ‘ரோஷ்ணி’ திட்டம் முளைத்தது அங்கேதான். பள்ளி மணி அடிப்பதற்கு முன், காலையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு, அவர்கள் மொழி தெரிந்த ஒருவரை வைத்து, அந்த மொழியிலிருந்து மலையாளத்துக்கும் மலையாளத்திலிருந்து அந்த மொழிக்கும் மாறி மாறிப் பேசிப் பாடம் சொன்னார்கள். பிறகு மாவட்டத்தின் பல பள்ளிகளுக்கு இது பரவியது. கஞ்சிப்புரை அக்கா செய்ததை ஒரு மாவட்டம் முறையாகச் செய்கிறது என்று கேள்விப்பட்டபோது எனக்குக் கண் நிறைந்தது.

அதிலும் ஒரு பிள்ளை விட்டுப்போகிறது. ஒடிசாவின் கந்தமால் மலையிலிருந்து இங்கே வேலைக்கு வருகிறவர்களில் குயி மொழி பேசும் கந்தப் பழங்குடியினரும் உண்டு. 2006-07 முதல் பழங்குடி மொழிகளில் தொடக்கப்பாடம் நடத்திவரும் மாநிலம் ஒடிசா. முதலில் எடுத்துக்கொண்ட பத்து மொழிகளில் குயியும் ஒன்று. ஊரில் இருந்திருந்தால் தன் மொழியில் அகரம் படித்திருக்கக்கூடிய பிள்ளைக்கு, இங்கே இந்தியோ ஒடியாவோதான் ‘தாய்மொழி’ என்று பதிவாகிறது.

போன மாதம் ஆற்றோரத்து லைன் வீடுகளின் பக்கம் போயிருந்தேன். ஆலை வாடை கனத்துக் கிடந்த சாயங்காலம். வாசற்படியில் ஒரு பெண் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மடியில் எட்டு மாதம் மதிக்கத்தக்க பெண் குழந்தை. நான் இந்தியில் கேட்டதற்குத் தயங்கித் தயங்கி இரண்டு சொல்லில் பதில் சொல்லிவிட்டுத் தலை குனிந்துகொண்டாள். கந்தமால் என்ற ஊர்ப்பெயர் மட்டும் எனக்குப் பிடிபட்டது. குழந்தை ஒரு கீரைத் தண்டை எடுத்து நீட்டி ஏதோ சொன்னது. அவள் நிமிர்ந்து அதற்கு நீளமாக ஒரு பதில் சொன்னாள், கடைசிச் சொல்லைப் பாட்டுப்போல இழுத்து. குழந்தை அந்த இழுப்பை மட்டும் திருப்பிச் சொன்னது. அவள் சிரித்து மறுபடியும் இழுத்தாள். நான் அங்கே நின்றிருந்த நேரமெல்லாம் அவர்கள் இருவரும் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.